பெயர்ப்பலகைக்கு முன்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் குறிச்சிக்கு அப்பப்பா காலத்தில் தனிப்பெயர் இருந்தது. இப்போது எல்லா இடத்திலும் குறிச்சியின் இலக்கம்தான். பழைய பெயரை மீட்கக் கையொப்பம் திரட்டுகிறோம். "இருக்கிற பிரச்சினைக்குள் பெயர்தான் இப்ப முக்கியமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வீண்வேலையா இது?

த., மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

வீண்வேலை இல்லை. ஆனால் கையொப்பத்துக்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேல் 1924இல் கட்டிய பாலத்துக்குப் பிரித்தானிய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரை வைத்தார்கள். நம் சனம் அதைக் கல்லடிப் பாலம் என்றே சொன்னது, இன்றும் அப்படித்தான். அதை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. 1949இல் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது பட்டிப்பளை ஆறு அரசாங்கத்துக்குக் கல்லோயா ஆனது. வரைபடம், பாடம், செய்தி எல்லாவற்றிலும் அதுவே ஏறியது. இன்று அம்பாறையில் எத்தனை பிள்ளைகளுக்குப் பழைய பெயர் தெரியும்? எனக்கு இது பெரிய கவலை. வாயில் இருந்தால் மட்டும் போதாது, தாளிலும் இருக்கவேண்டும்.

ஆகவே முதலில் தாளைத் தேடுங்கள். காணி உறுதிகளைப் பாருங்கள். பழைய உறுதியில் வளவுக்கு ஒரு பெயர் இருக்கும், எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து வளவு, ஒழுங்கை, துறை என்று வேறு பெயர்களும் வரும். சண்டைக்கும் வழக்குக்கும் மட்டுமே நாம் உறுதியை வெளியே எடுக்கிறோம். அதற்குள் ஊரின் வரலாறே கிடக்கிறது. 1978 சூறாவளியிலும் போரிலும் சுனாமியிலும் பலருடைய உறுதிகள் போய்விட்டன, சரி. காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கோயில் கணக்கு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூடத்தின் பழைய சேர்வு இடாப்பு ஆகியவற்றையும் விடவேண்டாம். வாவியில் தோணி விடும் முதியவர்களிடம் இந்த மாதமே பேசுங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிறகு, எங்கே கேட்பது? வீதிப்பெயர் என்றால் மாநகர சபை, கிராம சேவகர் பிரிவு என்றால் பிரதேச செயலகம். இலக்கம் எப்போது, எந்தத் தீர்மானத்தால் வந்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். அப்புறம், பலகையில் மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டல் எப்படி என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் ஆணையை வெளியிட்டது. கண்டனம் எழுந்து சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. உங்கள் குறிச்சியில் போரிலும் சுனாமியிலும் இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த இலக்கம்தான் ஊர். சுனாமிக்குப் பிறகு நாவலடியை விட்டுத் திராய்மடுவுக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஊர்ப்பெயரை இழப்பது என்னவென்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களை அழைக்காமல் மனு எழுதினால் நான் கையொப்பமிடமாட்டேன். அவர்களோடு கூட்டம் வைத்தால் சொல்லுங்கள், கட்டாயம் வருகிறேன்.