வார்த்தைகளை மாற்றி எழுதினால் கருத்துத் திருட்டு ஆகாதா? மாற்றி எழுதிய பிறகும் சான்று காட்ட வேண்டுமா?

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வார்த்தைகளை மட்டும் மாற்றினால் போதாது. முழுக்க உங்கள் நடையில் எழுதினாலும் சான்று காட்டியே ஆக வேண்டும், அதாவது யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்லியே ஆக வேண்டும். சொற்கள் உங்களுடையவையாக இருந்தாலும் கருத்தும் கண்டுபிடிப்பும் இன்னொருவருடையவை அல்லவா.

ஏன் போதாது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'நகர்ப்புறப் பதின்ம வயதினரிடையே இரவில் கைப்பேசி பயன்படுத்தும் நேரம் கூடக்கூட உறங்கும் நேரம் குறைகிறது, எனினும் எது காரணம், எது விளைவு என்பதை இத்தரவைக் கொண்டு கூற இயலாது.' இதை நிறையப் பேர் எப்படி மாற்றுகிறார்கள் தெரியுமா? 'மாநகரங்களில் வாழும் இளம் பருவத்தினர் மத்தியில் இரவு நேரத்தில் மொபைல் உபயோகிக்கும் நேரம் அதிகரிக்க அதிகரிக்கத் தூங்கும் நேரம் குறைகிறது.' வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலிருக்கும் சொல்லைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியர் 1990களில் இந்த வழக்கத்துக்குப் பேட்ச்ரைட்டிங் என்று பெயர் வைத்தார். மாணவர்கள் திருடும் எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை, கடினமான பாடத்தைப் பிடிக்க முயலும்போது வரும் ஒரு கட்டம் இது என்பது அவருடைய வாதம், எனக்கும் அதில் முழு உடன்பாடு உண்டு. ஆனால் தேர்வுக்குழு உங்கள் எண்ணத்தைப் பார்க்காது, தாளில் இருப்பதைத்தான் பார்க்கும்.

அந்த மாற்றத்தில் இன்னொரு பெரிய கோளாறு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மூல வாக்கியத்தில் காற்புள்ளிக்குப் பின்னால் இருந்த பாதி காணாமல் போய்விட்டது. 'காரணம் எது என்று சொல்ல முடியாது' என்பதுதான் அந்த ஆய்வாளர் பொறுப்போடு சேர்த்த எச்சரிக்கை. அதை விட்டுவிட்டு அடுத்த ஆள் இன்னும் சுருக்கி 'கைப்பேசி தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஒன்றுக்கு மூலத்தின் பெயரைச் சான்றாக வைத்தது போலாகிறது. கருத்துத் திருட்டைத் தேடும் சாஃப்ட்வேருக்கு இது தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் திருட்டைவிட இதுதான் பெரிய ஆபத்து.

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஒரே ஒரு பத்தியில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு வகை வலிமருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே உறுதியாக அடிமையானதாகத் தெரிந்தது என்பது அதன் சாரம். மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் என்பதுதான் அங்கே நிபந்தனை, மாதக்கணக்கில் வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை. 2017இல் அதே இதழில் வந்த ஓர் அலசல், அந்தக் கடிதத்தை 608 இடங்களில் சான்று காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. அதில் 72.2 சதவீதம் பேர் 'அடிமையாவது அரிது' என்பதற்கு ஆதாரமாக அதை வைத்திருந்தார்கள். 80.8 சதவீதம் பேர் 'மருத்துவமனையில் இருந்த நோயாளிகள்' என்பதைக் குறிப்பிடவே இல்லை. எல்லோரும் முறைப்படி ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள்தான், ஆண்டும் இதழ்ப் பெயரும் சரியாகவே இருந்திருக்கும். சுருக்கும்போது ஒரு நிபந்தனையை விட்டார்கள், வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு அது துணைபோனது என்று அந்த அலசலை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

சரி, எப்படி எழுதுவது? மூலப் பத்தியை இரண்டு மூன்று முறை படியுங்கள், அப்புறம் மூடி வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாயால் விளக்குவதாக நினைத்து எழுதுங்கள். எழுத வரவில்லையா, பத்தி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள், அதற்குக் குறுக்குவழி இல்லை. எழுதி முடித்ததும் மூலத்தைத் திறந்து ஒப்பிட்டு, அவருடைய சொற்றொடர் ஏதாவது அப்படியே வந்திருக்கிறதா, எண், காலம், யாரைப் பற்றியது, 'இருக்கலாம்', 'இயலாது' மாதிரியான ஏதாவது விடுபட்டதா என்று பாருங்கள். மேலே சொன்ன வாக்கியம் இப்படி வந்தால் நன்றாக இருக்கும்: 'இரவில் அதிக நேரம் கைப்பேசி பார்க்கும் நகர்ப்புறப் பதின்ம வயதினர் குறைவாகத் தூங்குகிறார்கள். ஆனால் கைப்பேசியால் தூக்கம் போகிறதா, தூக்கம் வராததால் கைப்பேசியை எடுக்கிறார்களா என்பதை இந்த ஆய்வு தீர்மானிக்கவில்லை.' கூடவே ஆசிரியர் பெயரும் ஆண்டும். துறைச்சொற்களை மாற்ற வேண்டியதில்லை, 'ஒளிச்சேர்க்கை' என்பதை வேறு பெயரில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சுருக்கம் என்பது பத்துப் பக்க வாதத்தை நான்கு வரியில் சொல்வது, விவரம் குறையும், வாதத்தின் திசை மாறக்கூடாது. சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டுவதை வரையறை, சட்டப் பிரிவு, பழைய ஆவணம், அல்லது அந்தச் சொற்களையே நீங்கள் மறுக்கப்போகும் இடம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் சான்று காட்டும் முறை) முறையில் மேற்கோள் 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் மேற்கோள்குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுதவேண்டும், நேரடி மேற்கோள் எதுவானாலும் பக்க எண் கட்டாயம்.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதினால் அது தன் சொந்த எழுத்தாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இல்லை. மொழிபெயர்ப்பும் அடுத்தவர் கருத்துதான், வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்திருந்தால் மேற்கோளாகவே காட்டி, மொழிபெயர்ப்பு என்னுடையது என்று ஒரு குறிப்பும் போடுவதுதான் நேர்மை.

எட்டு வரிப் பத்தி எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறிக்குள் சான்று போடுவதும் வேண்டாம். எந்த வரியிலிருந்து அவருடையது, எது உங்களுடையது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முதல் வாக்கியத்திலேயே 'இன்னார் காட்டியபடி' என்று பெயரைச் சொல்லித் தொடங்குங்கள், உங்கள் கருத்து வரும் இடத்தில் 'இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது' என்று பிரித்துக் காட்டுங்கள். இன்னொருவர் கட்டுரையில் பார்த்த சான்றை நீங்களே மூலத்தைப் படித்தது போலப் போடாதீர்கள். மூலம் கிடைக்கவே இல்லை என்றால், யார் வழியாகப் படித்தீர்களோ அவரையும் சேர்த்துச் சொல்ல எல்லா முறைகளிலும் வழி இருக்கிறது. ஏஐ தரும் ரெஃபரன்ஸ் பட்டியலை அப்படியே ஒட்டவும் கூடாது, இல்லாத கட்டுரைகளை இருப்பது போலவே எழுதித் தருகிறது, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துப் படித்த பிறகே சேருங்கள்.

டர்னிட்டின் என்ற ஒப்பீட்டு மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பற்றிப் பதற வேண்டாம். அது ஒத்துப்போகும் எழுத்தைத்தான் காட்டுகிறது, முறையாகக் காட்டிய மேற்கோள், ரெஃபரன்ஸ் பட்டியல், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் ஆய்வுமுறை வரிகள் எல்லாம் அதில் எண்ணிக்கையாகச் சேரலாம். அறிக்கையைத் திறந்து நிறம் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் உங்கள் ஆய்வு கைடோடு உட்கார்ந்து பாருங்கள். எண்ணைக் குறைப்பதற்காக வாக்கியத்தைச் சிதைப்பது உங்கள் உழைப்புக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

பாதிப் பிரச்சினை குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நோட்டில் அப்படியே நகலெடுத்த வரி எது, நீங்கள் சுருக்கியது எது என்று பிரித்து வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. நகலெடுத்ததற்கு அந்த நிமிடமே மேற்கோள்குறியும் பக்க எண்ணும், உங்கள் எண்ணத்துக்கு வேறு நிற மை. ஸோட்டரோ மாதிரி இலவச மென்பொருளில் கட்டுரையைச் சேர்த்தால் பட்டியலை அதுவே தயாரித்துவிடும், ஆசிரியர் பெயரும் ஆண்டும் சரியாக இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் சேர்க்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.