சிங்கப்பூரில் நேரடி இசை கேட்க எங்கே போகலாம்: பெரிய அரங்கா, சிறிய அரங்கா, விழா மேடையா?

ஆண்டுக்கு ஓரிரு நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே பணம் ஒதுக்க முடியும் என்றும், அதைத் திரையிசை நட்சத்திரங்கள் வரும் பெரிய அரங்குக்குச் செலவிடுவதா, கர்நாடக இசைக் கச்சேரிக்குச் செலவிடுவதா, அல்லது இலவச விழா மேடைகளோடு நிறுத்திக்கொள்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணத்தைச் சிறிய அரங்குக்குக் கொடுங்கள். விழா மேடைகளைத் தவறவிடாதீர்கள். பெரிய அரங்குக்கு நண்பர்கள் வற்புறுத்தி அழைத்தால் போய் வாருங்கள் என்பதே என் பதில். இதில் என் ரசனையும் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நான் சொல்லப்போகும் காரணங்களுள் பாதி, ரசனையோடு தொடர்பில்லாத வெறும் ஒலியியல்.

பெரிய அரங்குகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1989இல் திறக்கப்பட்ட உள்ளரங்கு விளையாட்டரங்கில் ஏறத்தாழ 12,000 பேர் அமரலாம். 2014இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கில் 55,000 இருக்கைகள் உள்ளன. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோல்ட்பிளே குழுவினரும் டெய்லர் ஸ்விஃப்டும் அங்கே தலா 6 இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். இந்த அளவுள்ள இடங்கள் விளையாட்டுக்காகவும் பெருங்கூட்டத்துக்காகவும் கட்டப்பட்டவை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் காதுக்கு ஒரு தாளத் தட்டு போய்ச் சேரக் கால் நொடிக்கும் மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் விழும் ஒரு துள்ளல் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இருப்பதே அரை நொடிதான். ஆகவே பின்வரிசைக்காரர் தாம் கேட்டபடி சரியாகவே கை தட்டினாலும், அந்த ஓசை மேடைக்குத் திரும்பி வருவதற்குள் பாட்டு அடுத்த தட்டைக் கடந்திருக்கும். இதனால்தான் பெரிய நிகழ்ச்சிகளில் இடையிடையே துணை ஒலிபெருக்கிகளை நிறுத்தி, மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப அவற்றைத் தாமதப்படுத்தி ஒலிக்கவிடுகிறார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அரங்கின் ஓசையை அடைத்துவிட்டு, தங்கள் காதில் வரும் தாளக்கணக்கை மட்டுமே கேட்டு இசைக்கிறார்கள்.

பெரிய நிகழ்ச்சிகள்மீது எனக்குள்ள மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. விளக்குகள், திரையில் ஓடும் காணொளி, நடனக்காரர்களின் அசைவு ஆகிய அனைத்தும் அந்தத் தாளக்கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அன்றைய இரவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், பாடகர் ஒரு வரியை இன்னொரு முறை பாட ஆசைப்பட்டாலும், அதற்கு இடமில்லை. நாற்பது வயலின்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய திரைப்பாடல் ஒன்றை எட்டு வயலின்காரர்கள் மட்டும் மேடையில் வாசிக்கும்போது, எஞ்சிய முப்பத்திரண்டும் முன்பே பதிவுசெய்த ஒலியிலிருந்து வருகின்றன என்பது பலருக்கும் தெரிந்ததே. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிகழ்ச்சியில், பாடகி ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கி நீட்டிய பிறகும் அவரது குரல் பல்லவியைத் தடையின்றிப் பாடிக்கொண்டிருந்தது. என் அருகில் இருந்த யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உற்சாகமாகக் கூடவே பாடினார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இசைத்தட்டில் கேட்ட அதே வடிவத்தை ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து ஒருமுறை பாடிவிட வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். பாடல் பட்டியல் மாறினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். 2017இல் லண்டன் வெம்பிளியில் ஏ. ஆர். ரஹ்மான் நடத்திய நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று இந்திப் பாடல்களை எதிர்பார்த்து வந்த சிலர் பாதியிலேயே எழுந்து போனது செய்தியாயிற்று. சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் குறைவு. இங்கே கூடுபவர்களில் பெரும்பாலோர் தமிழர். கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு வந்து மேல்தளத்தின் மலிவான இருக்கைகளில் உட்காரும் அண்ணன்மார்கள் எழுப்பும் ஆரவாரத்துக்கு ஈடாக எதையும் நான் எந்த இசையரங்கிலும் கேட்டதில்லை. அந்த ஆரவாரத்துக்காக நீங்கள் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம். நட்சத்திரத்தின் முகம் தெரியும் இருக்கைக்காகப் பல மடங்கு அதிகமாகப் பணம் கட்டாதீர்கள் என்பதே நான் வைக்கும் ஒரே வேண்டுகோள். மேடைக்கு நேர் முன்னால் அடிநாதம் நெஞ்சில் இடிக்குமே தவிர, பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. ஒலிக்கலவை செய்பவர் தமது மேசையோடு அமர்ந்திருக்கும் இடத்துக்கு அருகில் கிடைக்கும் இருக்கையே நல்ல இருக்கை, ஏனெனில் அவர் தம் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் அமைக்கிறார்.

காதடைப்பானும் எடுத்துச் செல்லுங்கள். இசை நிகழ்ச்சிகளில் ஒலியின் சராசரி அளவு 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை வெளியிட்டது.

இனி, சிறிய அரங்கு. 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலை மையக் கட்டடத்தைப் பலரும் அதன் முள்நாறி (டுரியான்) பழம் போன்ற கூரையால் மட்டுமே அறிவார்கள். உள்ளே இருக்கும் ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட இசையரங்கில், மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானமும், சுவர்களுக்குப் பின்னால் கதவுகளைத் திறந்து மூடி எதிரொலிப்பைக் கூட்டிக் குறைக்கும் அறைகளும் உள்ளன. மேலைச் செவ்விசைக் குழுவுக்கு ஏறத்தாழ இரண்டு நொடி நீளும் எதிரொலிப்பு அழகு சேர்க்கும். மிருதங்கத்துக்கோ அது எதிரி. ஒரு நொடிக்குள் எட்டுச் சொற்கள் (மிருதங்க அடிகள்) விழும் வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் முந்தையதன் நிழலில் மாட்டிக்கொண்டால், கணக்கு கலைந்து வெறும் இரைச்சல் மிஞ்சும். திரைச்சீலைகளை இறக்கி அந்த அரங்கை ஓரளவு அடக்கலாம் என்றாலும், கர்நாடக இசைக்கு அதே கட்டடத்தில் இருக்கும் 245 இருக்கைகள் கொண்ட ரிசைட்டல் ஸ்டூடியோவையே நான் விரும்புவேன். அங்கே கடைசி வரிசையில் அமர்ந்தாலும், வயலின்காரர் பாடகரின் சங்கதியை, அதாவது ஒரு வரியை அவர் மாற்றிப் பாடும் விதத்தை, பிடித்துக்கொண்ட நொடியில் இருவர் முகத்திலும் தோன்றும் சிரிப்பு தெரியும்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் பணம் கொடுக்கிறேன். நிரவலில் ஒரே வரியைப் பாடகர் பத்து விதமாகத் திருப்பிப் பார்க்கிறார். எந்தத் திருப்பத்தில் அவையிலிருந்து ஒரு ‘பலே’ எழுகிறதோ, அந்த வழியில் இன்னும் சற்று தூரம் போய்ப் பார்க்கிறார். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி ஒருவர் தவறான இடத்தில் தட்டினால் அதுகூட மேடைக்குத் தெரிந்துவிடுகிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி அமைப்பில், வர்ணத்தில் தொடங்கி, சிறிய கிருதிகளைக் கடந்து, ஒரு பெரிய உருப்படியையும் தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் அடைந்து, பிறகு துக்கடாக்கள் எனும் சிறு பாடல்களில் இளைப்பாறும் அந்த வரிசையில், கலைஞர் அன்றைக்கு எங்கே நேரம் எடுத்துக்கொள்வார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கழிவறைக்கும் தேநீருக்கும் எழுந்து போகும் வழக்கம் சென்னையிலிருந்து இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் எழுந்தவரை அடுத்த இடைவெளி வரை உள்ளே விடாத அரங்குகளை அந்த ஒரு காரணத்துக்காகவே நான் வாழ்த்துவேன்.

1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகளின் நிகழ்ச்சிகளையும் கவனித்துக்கொண்டிருங்கள். உள்ளூரில் பயின்றவர்களை அருகிலிருந்து கேட்க அவையே வழி. கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையின் ஈராண்டில் பயிற்சி விட்டுப்போன இளைஞர்கள் மீண்டும் மிருதங்கத்தோடு மேடையேறி, முதல் கால் மணி நேரம் கை தயங்கி, பிறகு தங்களை மீட்டுக்கொள்வதை அங்கே கேட்கலாம்.

விழா மேடைகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். எஸ்பிளனேட் நடத்தும் கலா உத்சவத்தின் இலவச நிகழ்ச்சிகளிலும், தீபாவளி, பொங்கல் காலங்களில் லிட்டில் இந்தியாவில் போடப்படும் மேடைகளிலும் ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணியோ முக்கால் மணியோதான் கிடைக்கும். சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கு அந்த நேரம் போதாது. ராகத்தின் உருவம் துலங்கும் வேளையில் அடுத்த குழு மேடையோரத்தில் வந்து நின்றுவிடும். ஆனால் தாளவாத்தியக் குழுவுக்கும் இளைஞர் இசைக்குழுவுக்கும் அந்தக் குறுகிய நேரமே உரைகல். வழியில் போகிறவர்களுக்கு நின்று கேட்கும் கடமை எதுவுமில்லை. பிடிக்காவிட்டால் அருகிலுள்ள தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். அவர்களை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் பாடுபவர் கூட்டத்தைப் பார்த்தே பாட வேண்டும். இரண்டாம் பாட்டில் ஆட்கள் நழுவினால் மூன்றாம் பாட்டை மாற்ற வேண்டும். சிறிய அரங்கில் நான் தேடும் அதே இசைவு, இங்கே வேறொரு வகையில், சற்று இரக்கமில்லாமல் நடக்கிறது.

திறந்தவெளிக்கென்றே பிறந்த இசை ஒன்று நம்மிடம் இருக்கும்போது, விழா மேடைகளில் அதற்கு இன்னும் அதிக இடம் கொடுக்கலாமே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரமும் பலா மரத்தில் குடைந்த தவிலும் தெருவிலும் கோயில் பிரகாரத்திலும் ஒலிபெருக்கியின் தயவில்லாமல் கேட்க உருவானவை. அவற்றைக் குளிரூட்டிய அரங்குக்குள் கொண்டுவந்து, வாய்க்கருகே ஒலிவாங்கியையும் வைத்துவிட்டு, பிறகு காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம் என்று தெரியவில்லை. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்கு இருந்த தடை 2016இல் தளர்த்தப்பட்டு, பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிக் காவடி எடுத்து வருபவரின் கால் தளரும்போது தவில்காரர் நடையை மாற்றுவதையும், அந்த நடையில் கால் மீண்டும் எழுவதையும் அருகில் நின்று பாருங்கள். இந்த நாட்டில் நான் கேட்ட நேரடி இசையில் அதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். அதற்கு நுழைவுச்சீட்டே கிடையாது.

பணம் கட்டி வாங்கும் சீட்டு ஒன்றுக்குத்தான் என்றால், வாங்குவதற்கு முன் விளம்பரத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். கர்நாடக இசைக் கச்சேரி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களின் பெயர்கள் அழைப்பிதழில் இருக்கும். திரையிசை விளம்பரங்களில் பெரும்பாலும் நட்சத்திரத்தின் முகமும் கட்டண விவரமும் மட்டுமே இருக்கும். கூட வாசிப்பவர்களின் பெயர்களையும் போட்டிருக்கும் திரையிசை நிகழ்ச்சி கண்ணில் பட்டால், அது எவ்வளவு பெரிய அரங்கில் நடந்தாலும் நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சீட்டு வாங்கிவிடுங்கள், நானும் வாங்குவேன்.