விடுமுறையில் ஆங்கிலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். மின்னஞ்சல் எழுதுவதில் சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் போனில் வந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கப்பல் தாமதம், இன்வாய்ஸில் தவறு என்று பேசுவதெல்லாம் ஒரே விஷயங்கள்தான். இருந்தும் பாதி புரியாமலே "யெஸ், யெஸ், ஐ வில் செக்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வரும் விடுமுறையில் ஆங்கிலம் பேசும் நாடு ஒன்றில் இரண்டு வாரம் தங்கலாம் என்று திட்டம். காலையில் மொழிப் பள்ளி, மதியம் உள்ளூர்த் தொழில்களைப் பார்வையிடுவது என்று ஓர் ஏற்பாட்டைப் பார்த்தேன். இதில் ஆங்கிலம் வந்துவிடுமா? விடுமுறையும் பாழாகி ஆங்கிலமும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கணவரும் உடன் வருகிறார். அது இடைஞ்சலா?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

இரண்டு வாரத்தில் ஆங்கிலம் வராது. மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலில், நடுவில் உள்ள பி1 நிலையில் இருப்பவர் அடுத்த படியான பி2 நிலைக்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்களின் உத்தேசக் கணக்கு. வாரம் 20 பாடம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். பல பள்ளிகளில் ஒரு பாடம் என்பது 45 நிமிடம். அப்படியானால் வாரத்துக்கு 15 மணி நேரம், இரண்டு வாரத்துக்கு 30.

ஆனால் உங்களுக்கு வேண்டியது மொத்த ஆங்கிலமும் அல்லவே. தாமதத்தைச் சொல்வது, தவறைத் திருத்தச் சொல்வது, தேதியை உறுதி செய்வது, புரியாததை மறுபடி கேட்பது. உங்கள் கடிதத்தில் இருப்பது இந்த நான்கும்தான். இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு வாரம் தாராளம்.

ஆங்கிலச் சூழலில் போய் உட்கார்ந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். கனடாவில் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் பள்ளி முறையைத் தொடங்கினார்கள். அது நாடெங்கும் பரவியது. இப்படிப் படித்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகவே புரிந்தது. பேசும்போதும் எழுதும்போதும் மட்டும், வருடக் கணக்கில் படித்த பிறகும் இலக்கணம் தடுமாறியது. மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதற்குச் சொன்ன காரணம், அவர்கள் கேட்ட அளவுக்குப் பேசவில்லை, துல்லியமாகப் பேசியே ஆக வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு வரவில்லை என்பது. 'யெஸ், யெஸ்' சொல்லித் தப்பிக்க வழி இருக்கும்வரை யாரும் அந்த வழியில்தான் போவோம்.

ஆகவே அந்த ஏற்பாட்டை நடத்துபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மதியப் பார்வையிடலில் யார் பேசுவார்கள் என்பது. முதலாளி முக்கால் மணி நேரம் விளக்க, பன்னிரண்டு பேர் தலையாட்டிக்கொண்டு நிற்பதாக இருந்தால் அது சுற்றுலா. இரண்டு மூன்று பேராகப் போய், ஆளுக்கு ஒரு வேலையை முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்றால் பணம் கட்டலாம். வகுப்பில் எத்தனை பேர், அதில் ஒரே தாய்மொழிக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஏற்பாடு இல்லாவிட்டாலும் குறையில்லை, நீங்களே போகலாம். அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டு 50 அடிக்க வேண்டும் என்று உண்மையான ஆர்டரோடு போங்கள். வாங்க வந்தவர் என்பதால் அச்சகக்காரரின் நேரத்தில் உங்களுக்கும் உரிமை உண்டு. ஆங்கிலம் பழக வந்தேன் என்று போய் நிற்கும் சங்கடம் கிடையாது. என்ன தாள், 350 ஜிஎஸ்எம்மா (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அதைவிடக் கனமா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று அவரே கேள்விகளை ஆரம்பிப்பார். நீங்கள் கொண்டுபோக வேண்டிய கேள்வி இரண்டே: எப்போது கிடைக்கும்? அடித்த பிறகு தவறு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுமே ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்விகள்.

பதில் இப்படி வரலாம்: "வீ கேன் டர்ன் தட் அரவுண்ட் பை தர்ஸ்டே, ப்ரொவைடட் யூ சைன் ஆஃப் த ப்ரூஃப் டுமாரோ." நாளைக்குள் ப்ரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் காட்டும் மாதிரிப் படி, பார்த்து ஒப்புதல் கொடுத்தால் வியாழனுக்குள் தயார். இதில் ப்ரூஃபை எடுத்துவிட்டு டாக்குமென்ட்ஸ் என்று போட்டுப் பாருங்கள், உங்கள் வாடிக்கையாளரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் வந்துவிடும். நிபந்தனையோடு தேதி கொடுப்பது எல்லாத் தொழிலுக்கும் பொது. சைக்கிள் பழுதுபார்ப்பவர், படத்துக்குச் சட்டம் போடுபவர், கூரியர் கவுன்டர் என்று எங்கே போனாலும் இதே அமைப்பு வேறு சொற்களில் காதில் விழும். அதனால் அதே இரண்டு கேள்விகளை மூன்று நான்கு தொழில்களில் கேளுங்கள்.

கேட்ட உடனே உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். "ஸோ இஃப் ஐ அப்ரூவ் இட் டுமாரோ, இட்ஸ் ரெடி ஆன் தர்ஸ்டே, இஸ் தட் ரைட்?" புரியாவிட்டால் வெறுமனே 'ஸாரி?' என்று கேட்டால் அவர் அதையே கொஞ்சம் உரக்கச் சொல்வார், அவ்வளவுதான். எந்த இடம் புரியவில்லை என்று சுட்ட வேண்டும்: "யூ ஸெட் ப்ரொவைடட்... வாட் டூ ஐ நீட் டு டூ டுமாரோ?" எண்களில்தான் அதிகம் கோட்டைவிடுவோம். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். அங்கத்தியர்களும் போனில் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

நேரம் முக்கியம். வார நாளில் திறந்த பரபரப்பு அடங்கிய முற்பகலும், வகுப்பு இருந்தால் மதியம் மூன்று மணி வாக்கும் நல்லது. மூடுவதற்கு முந்தைய அரை மணியில் யாரும் பேச மாட்டார்கள். சுற்றுலாத் தெருக் கடைகளை விட்டுவிடுங்கள். வெளிநாட்டவரைப் பார்த்ததும் இரண்டு சொல்லில் வியாபாரத்தை முடித்துப் பழகியவர்கள். பல கிளைகள் உள்ள பெரிய கடைகளில் மனப்பாடப் பேச்சுதான் கிடைக்கும். இரண்டு தெரு உள்ளே, முதலாளியே கவுன்டரில் நிற்கும் கடை வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு கடை போதும். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று ஐந்து தொடர்களை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். தனிச் சொல்லாக 'டர்ன்அரவுண்ட்' என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து அது எதற்கென்றே நினைவிருக்காது. அனுமதி கேட்காமல் ரெக்கார்ட் செய்யாதீர்கள்.

உங்கள் பயம் போன் என்பதால் இதைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் நாள் நேரில். அடுத்த நாள் அதே கடைக்குப் போன் செய்து ஆர்டர் தயாரா என்று கேளுங்கள். குரல் பழகியது, விஷயமும் தெரிந்தது. முகமும் கையசைவும் மட்டும்தான் இல்லை. இரண்டாவது வாரம், போகாத கடை ஒன்றுக்கு நேராகப் போன் போட்டு விவரம் கேளுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்யும் வசதி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

மாலையில், மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரிந்துரைக்கும் 4/3/2 பயிற்சியைச் செய்யலாம். அன்று பார்த்த தொழில் எப்படி நடக்கிறது என்பதை ஒருவரிடம் 4 நிமிடத்தில் சொல்லுங்கள், இன்னொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். ஆள் மாறுவதால் எதையும் விட முடியாது, நேரம் குறைவதால் தயக்கம் வெட்டுப்படும். தங்கும் வீட்டுக்காரர், வகுப்புத் தோழர் என்று ஆள் பிடித்துவிடலாம்.

விடுமுறை பாழாகுமா என்று கேட்டீர்கள். பார்க்கும் தொழில்களில் பாதியை வேலைக்காக அல்லாமல் ஆசைக்காகத் தேர்ந்தெடுங்கள். மட்பாண்டம் வனையும் இரண்டு மணி நேர வகுப்பு எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. கை சேற்றில் இருக்கும்போது இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பானை சாய்ந்தால் கேட்டே ஆக வேண்டும். முதல் இரண்டு நாள் எதுவும் வேண்டாம், ஊர் சுற்றுங்கள். காது அதற்குள் உச்சரிப்புக்குக் கொஞ்சம் பழகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. கடையில் நின்று வேலை பழகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விசா விதியைப் பாருங்கள். உதாரணமாக, பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 6 மாதம் வரை படிக்கலாம். நிறுவனத்தில் பயிற்சி வேலை, சம்பளம் இல்லாவிட்டாலும், கூடாது. பார்க்கலாம், வாங்கலாம், கேட்கலாம்.

கணவர் வருவது நல்லதுதான், ஆனால் பகலில் பிரிந்துவிடுங்கள். பள்ளியில் வேறு வகுப்பு கேட்டு வாங்குங்கள். கடைக்குள் ஒருவர் மட்டும் போங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தில் அவர் எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. இரவுச் சாப்பாட்டில் தாராளமாகத் தமிழ் பேசுங்கள், நாள் முழுக்க ஆங்கிலம் கேட்ட மூளைக்கு அது வேண்டும். அவரையும் 4/3/2இல் மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2 நிமிடம்தான், பொறுத்துக்கொள்வார்.