சிஸ்டம் சொன்ன வாடகை

கேள்வி: டாலஸ் பக்கம் அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கேன். லீஸ் புதுப்பிக்கறப்போ வாடகைய ஏத்திட்டாங்க, ஆபீஸ்ல போய்க் கேட்டா 'சிஸ்டம் காட்டற ரேட், எங்க கையில ஒண்ணும் இல்ல'ங்கறாங்க. என்ன வாடகை போடலாம்னு ஓனருங்களுக்குச் சொல்ற சாஃப்ட்வேரை விக்கற ரியல்பேஜ் கம்பெனி மேல அமெரிக்க அரசாங்கம் கேஸ் போட்டதைப் படிச்சேன். வீடு பத்தாக்குறை, அதனால விலை ஏறுது. கால்குலேட்டர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் மேல கேஸ் போட்டு என்ன ஆகப் போகுது?

பதில்: 'எங்க கையில ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த மொத்த கேஸும் அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு.

வீடு பத்தாக்குறை நிஜம், அதை நான் மறுக்கல. ஆனா கால்குலேட்டர்னு சொன்னீங்களே, அதை ஒத்துக்க முடியாது. கால்குலேட்டருக்கு நீங்க தட்டற நம்பர் மட்டும்தான் தெரியும். ரியல்பேஜுக்கு உங்க பில்டிங் நம்பரும் தெரிஞ்சுது, எதிர்த்த பில்டிங் நம்பரும் தெரிஞ்சுதுங்கறதுதான் கேஸ். அதுவும் வெப்சைட்ல எல்லாரும் பாக்கற ரேட் இல்லைங்க, உள்ள கையெழுத்தான லீஸ் தொகை எவ்வளவு, எத்தனை மாசம் ஃப்ரீயா குடுத்தாங்க, எத்தனை வீடு காலி, அடுத்து எது எப்போ காலியாகும், இப்படி ஒரு ஹவுஸ் ஓனர் இன்னொரு ஹவுஸ் ஓனர்கிட்ட வாயத் திறக்கவே கூடாத கணக்கெல்லாம் ஒரே இடத்துல போய்ச் சேந்துச்சு, அங்கேருந்து எல்லாருக்கும் இன்னிக்கு இந்த ரேட் போடுன்னு திரும்பி வந்துச்சு. நம்ம ஊர் பாஷையில இதுக்குப் பேரு சிண்டிகேட். அமெரிக்காவுல 1890ல போட்ட ஷெர்மன் சட்டம் தடுக்கறதும் இதைத்தான், அது ரூம் போட்டுப் பேசினா மட்டும்தான் குத்தம்னு சொல்லல.

ஒரு வாடகைக்காரருக்கு இருக்கற பலம் என்ன சொல்லுங்க? வீடு காலியாக் கெடந்துடுமோங்கற ஓனரோட பயம், அது ஒண்ணுதான். 'பக்கத்து பில்டிங்ல நூறு டாலர் கம்மியாக் கெடைக்குது, நான் போறேன்'னு நீங்க சொன்னா அவர் எறங்கி வரணும். பக்கத்து பில்டிங்காரனும் எறங்க மாட்டான்னு அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சுன்னா அந்தப் பயமே போயிடுது, அப்புறம் நீங்க எதை வச்சுப் பேசுவீங்க? ஹூஸ்டன்ல இருக்கற கேம்டன் கம்பெனி ரியல்பேஜோட யீல்ட்ஸ்டார்ங்கற வாடகை சாஃப்ட்வேரை எடுத்ததுக்கு அப்புறம் 2006ல, காலி பண்ணிட்டுப் போறவங்க சுமார் 15 சதவீதப் புள்ளி கூடினாங்க, வருமானமோ 7.4 சதவீதம் ஏறிச்சு. ஜனங்க வெளிய போகப் போக லாபம் ஏறினதை அந்தக் கம்பெனித் தலைவரே பின்னாடி ஒரு தொழில் பத்திரிகைகிட்ட சொல்லியிருக்கார். இதை முதல்ல படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் மனசே ஆறல. வெளிய போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் புது அட்வான்ஸ், லாரி வாடகை, பிள்ளைங்களுக்குப் புது ஸ்கூல்னு எவ்வளவு இருக்கு.

இதெல்லாம் பெரிசா வெளிச்சத்துக்கு வந்தது 2022 அக்டோபர்ல புரோபப்ளிகாங்கற செய்தி நிறுவனம் எழுதினதுக்கு அப்புறம்தான். சியாட்டில்ல ஒரே ஜிப் கோடுல இருந்த அபார்ட்மெண்ட்ல 70 சதவீதத்தை வெறும் 10 கம்பெனிதான் பாத்துக்குது, அந்த 10ம் ரியல்பேஜ் சாஃப்ட்வேர்தான்னு கண்டுபிடிச்சாங்க. அங்க வாடகைக்கு இருக்கறவர் வீடு மாறி எங்க போவார், சொல்லுங்க? 2024 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசாங்கத்தோட நீதித்துறையும் 8 மாநிலமும் சேந்து வடக்கு கரோலினா ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டாங்க. ரியல்பேஜ் தலைமை ஆபீஸ் உங்க டாலஸுக்குப் பக்கத்துலயே ரிச்சர்ட்சன்ல இருக்கு, ஆனா அந்த 8ல டெக்சாஸ் இல்ல. 2025 ஜனவரில கிரேஸ்டார், கேம்டன் உட்பட 6 பெரிய கம்பெனிகளையும் சேத்தாங்க, கிரேஸ்டார் மட்டுமே அப்போ கிட்டத்தட்ட 9,50,000 வீடு பாத்துக்கிட்ட கம்பெனி.

'நாங்க சிபாரிசுதான் பண்றோம், எடுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம்'ங்கறது ரியல்பேஜோட வாதம். ஆனா கேஸ் மனுவுல என்ன இருக்குன்னா, சொன்ன ரேட்டை தானாவே ஏத்துக்கற ஆட்டோ அக்செப்ட் உண்டு, வேணாம்னா மேனேஜர் காரணம் எழுதணும், அப்புறம் கம்பெனியோட விலை ஆலோசகர் வந்து பேசுவார். சரின்னா ஒரு கிளிக், வேணாம்னா இவ்வளவு பாடுன்னு இருந்தா லீசிங் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க எதைச் செய்வாங்க?

என்ன ஆகப் போகுதுன்னு கேட்டீங்க. கொஞ்சம் ஆகியிருக்கு. 2025 நவம்பர்ல ரியல்பேஜ் நீதித்துறையோட சமரசத்துக்கு வந்துச்சு, மத்தவங்களோட ரகசிய டேட்டாவ வச்சு இன்னிய ரேட் சொல்லக் கூடாது, சாஃப்ட்வேருக்குக் கத்துக்குடுக்கற டேட்டா 12 மாசமாவது பழசா இருக்கணும், மேல ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். நல்ல விஷயம்தான். ஆனா அபராதம் ஒரு டாலர் கெடையாது, தப்பு பண்ணினோம்னு ஒத்துக்கவும் இல்ல, அதை என்னால ஏத்துக்க முடியல. வாடகைக்காரங்க தனியா நாஷ்வில் கோர்ட்ல போட்ட கேஸ்ல 26 கம்பெனி சேந்து 141 மில்லியன் டாலருக்கு மேல தர ஒத்துக்கிட்டாங்க. வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் குழு 2024 டிசம்பர்ல போட்ட மதிப்பீட்டுல, இந்த மாதிரி சாஃப்ட்வேரால 2023ல மட்டும் வாடகைக்காரங்க கையை விட்டுக் கூடுதலாப் போன பணம் 3.8 பில்லியன் டாலர், இது ஓடற வீட்டுல சராசரியா மாசம் 70 டாலர். அந்த 141 மில்லியனையும் இந்த 3.8 பில்லியனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கோர்ட் கேஸ் ஒரு பக்கம் இருக்க, சான் பிரான்சிஸ்கோ 2024லயும் நியூயார்க் மாநிலம் 2025லயும் இந்த மாதிரி சாஃப்ட்வேரைத் தனியாவே சட்டம் போட்டுத் தடுத்தாங்க.

அடுத்த தடவை லீஸ் வர்றப்போ ரேட் எந்த சாஃப்ட்வேர்லேருந்து வருதுன்னு ஈமெயில்லயே கேளுங்க, வாய்வார்த்தையா விடாதீங்க. உங்க பில்டிங்லயே காலியா இருக்கற வீடுகளுக்கு வெப்சைட்ல என்ன ரேட் போட்டிருக்காங்கன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு அதை எதிர்ல வச்சுப் பேசுங்க. நீங்க முன்னாடி இருந்த வீடு அந்த 26 கம்பெனில ஒண்ணோடதா இருந்து, கோர்ட் பேர்ல நோட்டீஸ் வந்துச்சுன்னா, ஸ்பேம்னு தள்ளாம அந்த கேஸ் நம்பரை சரிபாத்துட்டு கடைசித் தேதிக்குள்ள பதில் அனுப்பிடுங்க.