வேலை மேல் உயிர், கல்லாவில் காசில்லை

கேள்வி: மரவேலை என்றால் எனக்கு உயிர். மூன்று வருடமாக நாற்காலி, மேசை செய்து விற்கிறேன். வாங்கியவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பிடித்த வேலையைச் செய்தால் பணம் தானாக வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?

பதில்: தானாக வராது. அந்தப் பேச்சை நம்பி நானும் நாலைந்து வருடம் தவித்திருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை மேல் இருக்கிற ஆசை, வேலையைத் தரமாக்கும். அது சாதாரண விஷயம் இல்லை. முப்பது வருடமாக நான் செய்யும் புத்தக பைண்டிங்கிலிருந்தே சொல்கிறேன். காகிதத்துக்கு இழை உண்டு. ஒரு தாளை நீளவாக்கில் லேசாகச் சுருட்டிப் பாருங்கள், அப்புறம் அகலவாக்கில். ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாகச் சுருளும்போது அந்தக் குழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, இழையும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அது புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே போனால், பசை பட்டதும் தாள் ஊறி முதுகோரம் நெளிந்துவிடும். விரித்து வைத்த புத்தகம் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். வாங்குகிறவருக்கு இழை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் மேசையில் விரித்தால் அப்படியே படுத்துக்கிடக்கிறது என்பது தெரியும். அடுத்த புத்தகத்தையும் என்னிடமே கொண்டுவருவார். ஆசை வியாபாரமாக மாறுகிற இடம் அது.

உங்களுக்கும் அது நடக்கிறது, பாராட்டு வருகிறதே. அப்படியென்றால் ஓட்டை வேறு எங்கோ இருக்கிறது. ஒரு நாற்காலிக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? பிடித்த வேலையில் போகிற நேரம் நமக்குச் செலவாகவே தோன்றாது. தோல் அட்டை போட்ட ஒரு புத்தகத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, அரை நாள் கூலி வாங்கியிருக்கிறேன். என் மனைவிதான் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, “எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம்னு இதுல எழுதுங்க” என்றாள். இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது: நான் உயிரைக் கொடுத்துச் செய்த வேலைகளில் எல்லாம் நஷ்டம். அவற்றை விடவில்லை, விலையை மாற்றினேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்று ஒரு மண்பாண்டத் தொழிலதிபர் இருந்தார். ஜாஸ்பர் என்ற கலவை சரியாக வருவதற்காக ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளைச் சுட்டு, எண் போட்டுக் குறித்துவைத்தவர். மண் மேல் அவ்வளவு பித்து. அதே மனிதர், 1772-ல் வியாபாரம் மந்தமானபோது கணக்குகளோடு உட்கார்ந்து, எந்தச் சாமானுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். அச்சு செய்கிற செலவு, வாடகை போன்றவை குறைவாகச் செய்தாலும் அதேதான், நிறையச் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் கொஞ்சமாக விழும் என்பது அவருக்குத் தெளிவானது. உங்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு நாற்காலியையும் புதிதாக யோசித்துச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே மாதிரியில் பத்து செய்து பாருங்கள். யோசிப்பதும், அளவுக்கு மாதிரிப் பலகை வெட்டுவதும் ஒருமுறைதான்.

கேள்வி: பட்டறைக்குள் இருந்தால் எனக்குப் பசியே தெரியாது. ஆனால் விலை பேசுவது, பாக்கி கேட்பது, கணக்கு எழுதுவது எதுவும் எனக்கு வராது. தொழில் செய்ய நான் லாயக்கில்லையா?

பதில்: ஏன் லாயக்கில்லை? சோய்ச்சிரோ ஹோண்டா இஞ்சின்களோடு வாழ்ந்தவர். ஆரம்ப காலத்தில் அவர் பிஸ்டன் வளையம் என்ற இஞ்சின் பாகத்தைச் செய்யப் பார்த்தார், சரியாக வரவில்லை. உலோகவியல் தெரியாததுதான் குறை என்று புரிந்துகொண்டு, முதலாளியாக இருந்துகொண்டே தொழிற்பள்ளியில் போய் உட்கார்ந்து படித்தார். தன் வேலைக்குள் இருந்த ஓட்டையைத் தானே அடைத்தார். ஆனால் 1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கியபோது பணமும் விற்பனையும் வேறு மாதிரி ஓட்டை. அடுத்த வருடம் டக்கேயோ ஃபுஜிசாவா வந்து அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். 1973-ல் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள்.

ஃபுஜிசாவாவுக்கு விற்பனையில் இருந்த ஆசை, ஹோண்டாவுக்கு இஞ்சினில் இருந்த ஆசைக்குக் குறைந்ததில்லை. அப்படி ஒருவரைத் தேடுங்கள். நீங்கள் வெறுக்கிற வேலையைத் தள்ளிவிடுவதற்கு ஓர் ஆள் என்று தேடினால், அவரும் வெறுத்துக்கொண்டேதான் செய்வார்.

கேள்வி: தொழில் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆரம்பத்தில் இருந்த ஆசை இல்லை. காலையில் எழுந்தாலே அலுப்பு. விற்றுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் வந்தது இது. ஆசை போனது மனசுக்குத் தெரியும் முன் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெரிய ஆர்டர், முந்நூறு புத்தகம். அட்டை வெட்டும்போது இழை பார்க்கவில்லை. நான் பார்க்காததால் வேலைக்காரப் பையனும் பார்க்கவில்லை. காலையில் வந்து பார்த்தால் அடுக்கிவைத்த அட்டைகள் எல்லாம் வளைந்து நிற்கின்றன. அத்தனையையும் பிரித்து மறுபடி கட்டினோம், பதினோரு நாள். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பதினோரு நாளில்தான் பழைய தெம்பு திரும்பியது. யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமாக நான் பைண்டிங்கே செய்யவில்லை. போனில் பேசினேன், ஆட்களை விரட்டினேன், பாக்கி கேட்டேன். பிடித்த வேலை எனக்கு அலுக்கவில்லை, அது என் கையிலேயே இல்லை.

அதிலிருந்து திங்கட்கிழமை காலையில் போனை அணைத்துவிட்டு, ஒரு புத்தகத்தைத் தையல் முதல் அட்டை வரை நானே செய்கிறேன். விற்பதைப் பற்றி அப்புறம் முடிவெடுக்கலாம். நீங்கள் கடைசியாக உங்கள் கையால் ஒன்றை முழுசாகச் செய்தது எப்போது என்று எனக்கு எழுதுங்கள்.