லைட் எரியாத ஆம்ப்: பணம் கட்டும் முன் மூன்று திருகுகளைப் பாருங்கள்

கேள்வி: என் காருக்கு நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பில்லோடு 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாரண்டி ஒரு வருடம். கிருஷ்ணகிரியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் மாட்டிக் கொடுத்தார். ஐந்து மாதம் நன்றாகப் பாடியது. போன வாரம் சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. முன்னால் இருக்கும் செட் ஓடுகிறது, ஆம்ப்பில் ஒரு லைட்டும் எரியவில்லை. கடையில் கேட்டால், “வெளியாள் மாட்டியதால் வாரண்டி இல்லை, போர்டு போயிருக்கும், 4,000 ஆகும்” என்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆம்ப்பைப் பார்க்காமலே போர்டு போய்விட்டது என்று போனில் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். லைட்டே எரியவில்லை என்றால், பெரும்பாலும் ஆம்ப்புக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. கோளாறைக் காட்டும் ‘ப்ரொடெக்ட்’ லைட் சிவப்பாக எரிந்தால்தான் கதை வேறு. அப்போது ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் இரவல் வாங்கினாலும் சரி. டிசி வோல்ட் 20இல் வையுங்கள். டிக்கியைத் திறந்தால் ஆம்ப்பில் மூன்று திருகுகள் வரிசையாக இருக்கும்: பேட்டரி ப்ளஸ், எர்த், ரிமோட் (செட்டை ஆன் செய்ததும் ஆம்ப்பை எழுப்பும் ஒயர் வருமிடம்). முதலில் மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் வெறும் இரும்பிலும் சிவப்பை ப்ளஸ் திருகிலும் வையுங்கள். 12க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். சைபர் காட்டினால் பானெட்டைத் திறந்து, பேட்டரி பக்கத்தில் ஒயரோடு இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். நல்ல ஃபியூஸ் போலவே இருக்கும், உள்ளே முடி அளவு அறுந்திருக்கும். கழற்றி, மீட்டரை பீப் அடிக்கும் கன்டின்யூட்டி நிலைக்கு மாற்றி வைத்துப் பாருங்கள், பீப் வராவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. பிறகு மீட்டரை மறுபடி டிசி வோல்ட் 20க்கே கொண்டுவாருங்கள். ஆம்ப்பின் உடம்பிலேயே செருகியிருக்கும் ஃபியூஸையும் விடாதீர்கள். புதிது போட்டதும் மறுபடி போனால் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது ஆம்ப்புக்குள் ஷார்ட். வண்டியில் தீப்பிடிப்பது இப்படித்தான்.

ப்ளஸ் சரி என்றால், கறுப்பு முனையை இரும்பிலிருந்து எடுத்து ஆம்ப்பின் எர்த் திருகில் வையுங்கள். இரும்பில் வைத்தபோது 12 காட்டியது இங்கே காட்டவில்லையா? எர்த்தில்தான் வினை. என் மச்சான் காரில் போன வருடம் இதே கூத்து. அவர் புது ஆம்ப்புக்கே விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எர்த் ஒயரைப் பின்சீட் போல்ட்டில், பெயிண்டைச் சுரண்டாமல் அப்படியே முறுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் திரும்ப முறுக்கினோம். பச்சை லைட் எரிந்துவிட்டது. சத்தம் நின்றது கணவாய்ச் சாலையில் என்பதால், அதிர்வில் தளர்ந்த திருகு மீதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

மூன்றாவது ரிமோட். செட்டை ஆன் செய்தால்தான் இதில் 12 வரும், ஆஃப் செய்தால் போய்விடும். வரவில்லை என்றால், ப்ளஸ் திருகிலிருந்து ரிமோட் திருகுக்கு ஒரு துண்டு ஒயரை ஒரு நிமிடம் மட்டும் வைத்துப் பாருங்கள். முனை பாடியில் படக்கூடாது, கவனம். ஆம்ப் உயிர் பெற்றால் அதன் மேல் குற்றமில்லை, செட்டிலிருந்து வரும் ஒயரைத்தான் தேட வேண்டும். பல செட்களில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் ஆம்ப்புக்கு. முழு நீலம் ஆண்டெனாவுக்கு. அதில் மாட்டினால் சில செட்களில் எஃப்.எம். பாடும்போது மட்டும் ஆம்ப் விழிக்கும். அப்புறம், அந்தத் துண்டு ஒயரை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள், பேட்டரி இறங்கிவிடும்.

மூன்றிலும் 12 வந்து, ஆம்ப் ஃபியூஸும் நன்றாக இருந்து, லைட் எரியவில்லை என்றால் ஆம்ப்தான் பழுது. அப்போது மீட்டர் காட்டுவதை ஒவ்வொரு திருகிலும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெளியாள் மாட்டியது’ என்பதற்கு உங்கள் பதில் அதுதான். வாரண்டி அட்டையையும் படியுங்கள். தங்கள் ஆள்தான் மாட்ட வேண்டும் என்று அதில் இல்லையென்றால் கடைக்காரர் வாயால் சொல்வது செல்லாது. உங்கள் எலக்ட்ரீஷியன் ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருந்தால் மட்டும் கடை பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அப்படி மாட்டிய ஆம்ப் ஐந்து மாதம் பாடியிருக்காது.

எழுத்தில் புகார் கொடுத்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி, வாங்கியது பெங்களூரானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லின் மை மங்குவதற்குள் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லாரியில் 24 வோல்ட். கார் ஆம்ப் மாட்ட, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கலாம் என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், பர்கூர்

பதில்: பாடும், ஆனால் பேட்டரி கெடும். ஒன்று இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். 24இலிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் வாங்குங்கள். ஆம்ப் ஃபியூஸில் 30 என்றிருந்தால் கன்வர்ட்டரும் 30 ஆம்பியர் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் ஆம்ப் அணைந்து அணைந்து எரியும்.