கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டை எங்கே அளப்பது?

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸ் ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதற்காகத் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டரும் சென்சாரும் வாங்கியிருக்கிறேன். சென்சாரைக் கூலர் குழாயில் பொருத்தச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனில்தான் பொருத்த வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு இடங்களும் இரண்டு வேறு சூடுகளைக் காட்டுகின்றன என்பதுதான் விஷயம். கியர்பாக்ஸில் பெருமளவு சூடு பிறப்பது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில். அது லாக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேரடியாகப் பிணையாமல், சுழலும்போது உள்ளே ஆயில் கடையப்பட்டுக் கொதிப்பேறி, அங்கிருந்து நேராகக் கூலருக்குச் செல்கிறது. ஆகவே கூலருக்குப் போகும் குழாயில் சென்சார் இருந்தால், மேடு தொடங்கிய சில நொடிகளிலேயே முள் தாவி ஏறும். கன்வெர்ட்டர் லாக் ஆனதும் அதே வேகத்தில் இறங்கும். பேனில் கிடப்பதோ கூலரில் ஆறித் திரும்பிய ஆயிலும் கியர்பாக்ஸின் உள்ளிருந்து வழிந்த ஆயிலும் கலந்தது. பம்ப் உறிஞ்சிக் கிளட்சுகளுக்குக் கொடுப்பது அதைத்தான்.

என் பரிந்துரை பேன்தான். பொதுவாகச் சொல்லப்படும் இயல்பான அளவான 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் என்பது பேனிலுள்ள ஆயிலுக்கு உரியது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு குழாயின் அளவைப் பார்ப்பவர் தேவையில்லாமல் பதறுவார். சில புதிய வண்டிகள் இதைவிடச் சற்றுச் சூடாகவே ஓடும்படி அமைக்கப்பட்டவை என்பதால் உங்கள் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். பேனிலேயே 120 டிகிரியைத் தாண்டி முள் அங்கேயே நின்றால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் மட்டும் சென்சாரைப் பொருத்திவிடாதீர்கள். அது ஆறிய ஆயிலைக் காட்டி உங்களை ஏமாற்றும்.

பேனை வண்டியிலேயே வைத்துத் துளையிடக் கூடாது. உலோகத் துருவல் உள்ளே விழுந்தால் வால்வுகள் சிக்கிக்கொள்ளும். கழற்றி எடுத்து, கல் அடிக்காதபடி அடிப்பகுதியைத் தவிர்த்துப் பக்கச் சுவரில், ஆயில் மட்டத்துக்குக் கீழே, மரை உள்ள வளையம் ஒன்றை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சென்சாரின் நுனி நீட்டிக்கொண்டிருக்கப் போகும் இடத்தில் அதே நீளத்துக்குக் களிமண் உருண்டையை ஒட்டிப் பேனை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். உருண்டை நசுங்கியிருந்தால் சென்சார் ஃபில்டரிலோ வால்வு பாடியிலோ இடிக்கும் என்று பொருள், இடத்தை மாற்றிவிடுங்கள்.

ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் தடைபட்டு மீட்டர் குறைத்துக் காட்டும். திரவ சீலன்ட்டை நுனி இழைகளை விட்டுவிட்டு மெல்லத் தடவினால் போதும். வயரைச் சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டி, கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட்டு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து ஃப்யூஸ் வைத்து மீட்டருக்கு எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலிலேயே கழற்றிவிடுவது அவசியம்.

பொருத்துவதற்கு முன்பே மீட்டரைச் சோதித்துவிடலாம். சென்சாரின் உடலை ஒரு வயரால் எர்த் செய்து, நுனியைக் கொதிக்கும் நீரில் பிடித்தால், கடல்மட்டத்தில் முள் 100 டிகிரிக்கு அருகில் நிற்க வேண்டும்; உயரமான ஊர்களில் ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். வழக்கமான சென்சார்களில் சூடு ஏற ஏற மின்தடை குறைகிறது. ஆகையால் வயர் அறுந்துபோனால் மீட்டர் எச்சரிக்காது. ஆயில் குளிர்ந்திருப்பதாகவே காட்டும். பளுவோடு அரைமணி நேரம் ஓட்டிய பிறகும் முள் அசையாமல் அடியிலேயே கிடந்தால், மகிழ்ச்சியடையாமல் வயரைத் தேடிப் பாருங்கள்.